எந்தக் காத்து அலை இது

எட்டுக்குப் பன்னிரண்டு அடி.
கம்பியும் கட்டுக்கூலியும் தனி.
மகள் ஜெனோவாவின் புதுநன்மைக்கு ஃப்ளெக்ஸ்.
பாம்பன் லாசர் டிஜிட்டலில்
ஸ்டூலை இழுத்துப் போட்டு
என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் சகாயசெல்வி.
விடியலில் பாசி எடுக்க இறங்கியவள்.
நீச்சல் கண்ணாடி அழுத்திய வட்டம்
இரண்டு கண்ணையும் சுற்றி இன்னும் இருக்கிறது.
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே
போனை நீட்டினாள்.

வெள்ளைக் கவுன், மெழுகுவர்த்தி,
பக்கத்தில் தாய்மாமன் இன்னாசிமுத்து,
பின்னால் பாலம், பாலத்துக்குக் கீழே கடல்.

முதலில் மாமன்.
"வயிறக் கொஞ்சம் உள்ள தள்ளணுமாம்,
நாலு தடவ போன் பண்ணிட்டாரு."
லிக்விஃபை.
பிரஷ்ஷைப் பெரிதாக்கி
சட்டைப் பொத்தான் திணறும் இடத்தில் வைத்துத் தள்ளினேன்.
மனிதர் இளைத்தார்.
பாலம் வளைந்தது.

பதினாறு வருஷமாக இதுதான்.
ஒரு வயிறு உள்ளே போனால்
பின்னால் ஏதாவது ஒன்று நகர்ந்து இடம் கொடுக்கிறது,
கதவு நிலை, கோயில் தூண், டைல்ஸ் கோடு.
இந்தக் கரையில் அநேகமாக
எல்லாருக்கும் பின்னால் ஒரே கோடு:
கடல் முடிகிற இடம்.
வேட்பாளரின் தாடையை ஒதுக்கியபோது அது குழிந்தது.
மணப்பெண் மூக்கைப் பின்ச்சில் பிடித்தபோது
ஒரு நூல் மேலே ஏறியது.
யாரும் கேட்டதில்லை. அவரவர் முகத்தைப் பார்த்துவிட்டு
காசைக் கொடுத்துப் போவார்கள்.

"ரயிலு கவுந்துரும்ணே" என்றாள்.

பாலத்துக்கு மாஸ்க் போட்டு
மறுபடி தள்ளினேன்.

அடுத்து கடல்.
படம் எடுத்த அன்று காற்றே இல்லை.
"செத்தாப்ல கெடக்கு. கொஞ்சம் அலை போடுங்க."
ஃபில்டர், டிஸ்டார்ட், வேவ்.
அலைநீளம் நாற்பது, உயரம் பன்னிரண்டு.
என்ன வகை என்று கேட்கும்: சைன், முக்கோணம், சதுரம்.
கை தவறிச் சதுரத்தைத் தொட
கடல் காம்பவுண்டுச் சுவராக எழுந்தது.
துணி விரலால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.
சைனுக்கு மாற்றினேன்.
சிரிப்பு நின்றது. திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"எந்தக் காத்து அலை இது?"

அந்தப் பெட்டியில் காற்று என்று ஒரு கட்டம் இல்லை.
எனக்கும் இல்லை. ஊர் பரமக்குடி.
கடை ஜன்னல் ரோட்டைப் பார்த்தது.

"பாலம் இங்கிட்டு. அப்ப இது தென்கடல்.
ஆனியில சோழகம்ல அடிக்கும்.
நீங்க வடக்கேருந்து கொண்டாறீங்க,
இது வாடைக்கு வர்ற அலை.
மார்கழியிலயா புதுநன்ம வச்சேன்னு
கேக்க மாட்டாங்க?"

ரேண்டமைஸ் என்றொரு பட்டன் உண்டு.
அமுக்க அமுக்க வேறு வேறு கடல்.
"இதுல வலை சிக்கும்."
"இது சும்மா, போட்டு போன தண்ணி."
"இதுல நான் எறங்க மாட்டேன்."
யு.பி.எஸ். கத்தத் தொடங்கிய நேரம்,
பதினேழோ பதினெட்டோ,
"இதுல எறங்கலாம்."
சேமித்தேன்.

அம்பு பிள்ளையின் முகத்துக்குப் போனது,
முன்பல் இரண்டுக்கும் நடுவே இருந்த சந்துக்கு.
"அவளத் தொடாதீங்க" என்றாள்.
சத்தமாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாக்கி வாங்கப் போனேன்.
கோயில் சந்தில் இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவே
ஃப்ளெக்ஸ் பாயாக விம்மிக்கொண்டிருந்தது.
சோழகம்.
மாமனுக்கு வயிறு முழுசாகத் திரும்ப வந்திருந்தது.
போன ரயில் எல்லாம் கவிழ்கிற மாதிரி பாலம்.
கீழே நின்ற இன்னாசிமுத்து
படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தார்.

கம்பு முறியும் என்று யாரோ கத்த,
பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
சகாயசெல்வி ஸ்டூலில் ஏறினாள், கையில் மீன் கத்தி.
ஆள் மேல் படாமல், பாலத்தில் படாமல்
நான் போட்ட கடலில் மட்டும்
அரைநிலா அரைநிலாவாக நாலு கீறல்.

காற்று அந்த வழியாகப் போக ஆரம்பித்தது.