நாற்பத்தோராவது நொடி

பணகுடி தாண்டி, காற்றாடி இறக்கையின் நிழல்
தார்ச்சாலையை வெட்டி வெட்டிப் போகும் இடத்தில்
எங்கள் கம்பெனிக்கு முப்பத்திரண்டு ஏக்கர்.
முன்னால் முருங்கை.
இப்போது ஒரு கான்கிரீட் மேடை, ஒரு எஞ்சின்,
எதற்கும் அசையாத ஒரு உடைமரம்.

மகேந்திரகிரியில் சர்க்கார் எஞ்சின் முழங்கினால்
ஊர் திரும்பியும் பார்க்காது.
எங்களுடையது சின்னது.
"ஒங்க பட்டாசு எப்பம்க்கா?" என்பான்
பரோட்டாக் கடைப் பையன், சால்னா ஊற்றிக்கொண்டே.

ஆள் ஏறும் ராக்கெட் என்கிறார்கள் முதலாளிகள்.
இரண்டு பேர், இரண்டு பேரும் என்னைவிட இளையவர்கள்.
அந்த ஆள் முதலில் ஒரு கோட்டுப்படம்.
அப்புறம் ஒரு எடை: எழுபத்திரண்டு கிலோ.
இருக்கையில் வைக்கிற பொம்மை
ஜெர்மனியிலிருந்து வர நாலு மாதமாம்.
நம்பிக்கண்ணு வண்டியெடுத்துத் திசையன்விளைப் பக்கம் போய்
தேரி மணலைச் சாக்கில் அள்ளி வந்தான்.
தைத்தோம், பெல்ட் மாட்டினோம்,
நெஞ்சில் ஒரு அதிர்வுமானி ஒட்டினோம்.
யாரோ மார்க்கரில் பெயர் எழுதிவிட்டார்கள்:
தேரியப்பன்.

என் வேலை ஒரு பொத்தான்.
சிகப்பு, மேலே கண்ணாடி மூடி.
முந்நூற்றுப் பன்னிரண்டு சென்சார் இருக்கிறது,
எது எல்லை மீறினாலும் கம்ப்யூட்டரே நிறுத்திவிடும்.
அதற்குத் தெரியாமல் போவதற்கு நான்.
"சும்மா இருக்கதுக்குச் சம்பளம்மா ஒனக்கு"
என்கிறான் மகன். பெரும்பாலும் சரிதான்.

ஆடிக் காற்று விடியுமுன் ஒரு மணி நேரம்
மூச்சு வாங்கும். அதற்குள் எரித்தாக வேண்டும்.
இருநூறு நொடி.
பணம் போட்டவர்கள் திரையில் வரிசையாக,
ஒருத்தர் மட்டும் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

எரிந்தது.
மேசை நடுங்கியது, டம்ளர் நகர்ந்தது.
மயில்கள் எல்லாம் ஒரே குரலாய் அலறின.
முப்பது. எல்லாம் பச்சை. நாற்பது.
அப்போது சத்தத்துக்குள் இன்னொரு சத்தம்.
பத்து வருஷம் காற்றாடி உச்சியில்
கியர்பெட்டிக்குக் காது கொடுத்தவள் நான்.
கேட்டதா, உள்ளங்காலில் ஏறியதா, தெரியாது.
மூடியைத் திறந்தது ஞாபகம் இல்லை.

அணைந்த பிறகுதான் காற்று திரும்ப வந்தது.
"ஏன்?" என்று ஒருவரும் கத்தவில்லை,
அது இன்னும் மோசம்.

ஒரு கோடியே இருபது லட்சம்.
பத்தொன்பது நாள் எஞ்சினைப் பிரித்தார்கள்.
எக்ஸ்ரே எடுத்தார்கள், சாயம் பூசித் துடைத்தார்கள்,
தகடு தகடாய் விளக்கில் காட்டினார்கள்.
கீறல் இல்லை.
ஒரு எறும்புக்கால் அளவுக்குக்கூட இல்லை.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
சத்தம் மாறியது என்று எழுதிக் கொடுத்தேன்.
அளவு குறிப்பிடவும் என்று திரும்பி வந்தது.
அப்படியே மேசையில் கிடக்கிறது, மேலே ஒரு டம்ளர்.

ஆவணியில் அவள் வந்தாள்.
ஏறப் போகிறவள்.
மெஹர்பானு. விமானப்படையில் இருந்தவள்,
"மேலப்பாளையம்தான் நான்" என்றாள்
பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவள் மாதிரி.
முதலாளிகள் எஞ்சினைக் காட்டினார்கள்,
வரப்போகிற ஏவுதளத்தின் படத்தைக் காட்டினார்கள்.
அவள் கேட்டது: "அமுக்கினது யாரு?"

கை தூக்கினேன், பள்ளிக்கூடம் மாதிரி.
நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். இல்லை,
திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.
"எந்தக் கை?"
வலது.
ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள்.
பிறகு கூண்டுக்குள் குனிந்து போய்
தேரியப்பனை ஒருக்களித்து நகர்த்திவிட்டு
உட்கார்ந்தாள். பெல்ட் தொளதொளத்தது.

"நான் அறுபத்தொண்ணு கிலோக்கா."

நம்பிக்கண்ணு கணக்குப் போட்டான்.
பொம்மை இன்னும் கப்பலில்தான் இருக்கிறது.
சாக்கின் தையலைப் பிரித்து
பதினோரு கிலோ மணலை மேடையில் கொட்டினோம்.
கூட்டி அள்ள வாரியல் தேடினேன்.
அதற்குள் காற்று கொண்டுபோயிருந்தது
பாதியை, காவல்கிணறு பக்கமாய்.