நஹ்வாவில் ஒரு நட்டு

கோர்ஃபக்கானில் டீசல் போட்டபோது அமீரகம்.
மலை இடுக்கில் திரும்பியதும்
கைப்பேசி அதிர்ந்தது: ஓமன் உங்களை வரவேற்கிறது.
கொஞ்ச தூரம்தான்,
மறுபடி அதிர்வு: அமீரகம் உங்களை வரவேற்கிறது.
வாசலும் இல்லை வாயிற்காவலனும் இல்லை,
வரவேற்பு மட்டும் ஓயவில்லை.

ஓமனுக்குள் ஒரு ஷார்ஜா, அந்த ஓமனோ அமீரகத்துக்குள்.
வெங்காயம் மாதிரி, என்றேன்.
“எங்கள் ஊரும் உரிக்க உரிக்க ராஜ்யம்தான்”
என்றாள் உல்ரிகே, சர்வே வரைபடத்தை மடித்தபடி.

எல்லை எங்கே என்று கருவி தேடிக்கொண்டிருக்கையில்
பின் டயர் அதைக் கண்டுபிடித்து வெடித்தது.

இன்சூரன்ஸ் தாளைப் புரட்டினேன்: ஓமனில் செல்லாது.
முன் சக்கரம் நஹ்வாவில்,
பின் சக்கரம் மத்ஹாவில்.
யாரைக் கூப்பிடுவது?
ஜாக்கியை எடுத்தேன்.

கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து சொன்னாள்:
“கிரைட்ஸ். ரொய்ஸ் வம்சத்தின் மூத்த கிளை.
ஆண் பிறந்தால் ஹைன்ரிஷ்.
அண்ணன் ஹைன்ரிஷ், தம்பி ஹைன்ரிஷ்,
எண் போட்டுத்தான் அடையாளம்.
நூறு தாண்டினால் திரும்ப ஒன்று.”
கழற்றிய முதல் நட்டை நீட்டி
ஹைன்ரிஷ் பதினெட்டு என்றேன்.
சிரிக்காமல் வாங்கி வைத்தாள்.

“அறுபத்தாறில் பிரஷ்யாவை முறைத்தோம்.
இரண்டு கம்பெனிப் படை வந்தது. போதுமாயிருந்தது.
பிறகு பேரரசு.
கொடி இருந்தது, அரண்மனை இருந்தது,
மேலவையில் ஐம்பத்தெட்டில் ஓர் ஓட்டு.
துப்பாக்கி மட்டும் பெர்லின் சொன்ன பக்கம் திரும்பும்.
பவேரியாக்காரன் கெட்டிக்காரன்,
பீர் வரியை மடியிலேயே முடிந்துகொண்டான்.”

எங்களுக்கும் இருந்தது, என்றேன்,
புதுக்கோட்டை. தனிக் காசு.
ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் ‘விஜய’.
நாற்பத்தெட்டு மார்ச்சில் திருச்சி ஜில்லா.
“விஜயமா? யாரை வென்றீர்கள்?”
தெரியாது. அது பரீட்சைக்கு வரவில்லை.

ஆறாவது நட்டு அவள் மடியிலிருந்து நழுவி
டிங் டிங்கென்று சரிவில் இறங்கியது.
“அந்தக் காலமென்றால் சுங்கம் கேட்டிருப்பார்கள்.”
அவள் ஷார்ஜாப் பக்கம் தேடினாள்,
நான் ஓமன் பக்கம்.
சரளைக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஐந்து நட்டோடு மெல்ல உருட்டிக்கொண்டு இறங்கினேன்.
கைப்பேசி வரவேற்றது. மறுபடியும்.

கம்பெனித் தாளில் ‘தொலைந்த இடம்’ என்றொரு கட்டம்.
நிரப்பாமல் கொடுத்தேன்.
ரோமிங் பதினொரு திர்ஹாம், நட்டு நாலு:
பதினைந்தையும் என் சம்பளத்தில் பிடித்தார்கள்.