எழுபத்தோராவது ஆள்

முதல் வாரம் பன்னிரண்டு பேர்.
பச்சாங்குப்பம் டீக்கடையில்
பெஞ்சுக்கு ஐந்து பேராக இடித்துக்கொண்டு பேசியதை
அதே நெரிசலில்
ஒரு கைப்பேசிக்குள் அடுக்கினோம்.
தனவேலு முகம் பாதிதான் வரும்,
மீதிக்கு மின்விசிறி.
அஞ்சலாட்சி மைக்கை மூடத் தெரியாமல்
மீன் கழுவினாள்.
நிறுத்திவைத்த இரண்டு மாதச் சம்பளத்தை
அந்தத் தண்ணீர்ச் சத்தத்தோடுதான் பேசினோம்.

நாற்பதாவது நிமிடம் அறுந்துவிடும்.
காசு கட்டாதவர்களுக்கு அவ்வளவுதான்.
மறுபடி லிங்க்கை அழுத்தி
விட்ட வாக்கியத்தைத் தேடவேண்டும்.
கலியபெருமாள் ஒருவர்தான்
சரியாக முப்பத்தொன்பதில் முடிப்பார்.
பாய்லர் ஆபரேட்டர்.
முள் எப்போது சிவப்பைத் தொடும் என்று தெரிந்தவர்.

இரண்டாம் வாரம் முப்பத்தெட்டு.
நான்காம் வாரம் எழுபது.
பீகாருக்கு நடந்தே போய்ச் சேர்ந்த ராம்பிலாஸ்கூட
ஒரு வேப்பமரத்தடியிலிருந்து கையாட்டினான்.
லிங்க் போகாத வாட்ஸ்அப் குழு இல்லை,
ஈச்சங்காடு கபடிக் குழு உட்பட.
இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்,
கதவைக் கழற்றி வைத்துவிட்டு
கூட்டத்தைப் பார் என்பதுபோல.

வருகை எழுதுவது என் வேலை.
நோட்டில் எழுபது.
திரையில் எழுபத்தொன்று.

கறுப்புக் கட்டம்.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.
யாருங்க அது, என்றான் ஜாபர்.
தெரிந்த இந்தியிலும் கேட்டான்.
டீக்கடையாக இருந்தால்
இருமலை வைத்தே சொல்லிவிடுவோம்,
எந்த ஷெட், எத்தனை வருட சர்வீஸ்.
புள்ளி இருமவில்லை.

எட்டு மணிக்குக் கைதவறியிருக்க வேண்டும்.
மைக் திறந்தது, மூன்றே விநாடி.
குருவி கத்தி
பிறகு மணியடிக்கிற கடிகாரம்.

அது நாங்கள் வாங்கியது.
ஆயுதபூஜைக்குத் தலைக்கு அறுபது ரூபாய் போட்டு
திருப்பாதிரிப்புலியூரில்
நானும் அஞ்சலாட்சியும் பேரம் பேசியது.
பர்சனல் மேனேஜர் நாற்காலிக்கு மேலே
ஆணி அடித்ததும் நாங்களே.
லீவு கேட்டுப் போனால்
அந்தக் குருவி கத்தும்வரை நிற்கவைப்பார்.

புள்ளி மறைந்தது.
மறுநாள் காலை ஷிப்டில்
நாலு பேர் கேட் பாஸுக்குச் சிவப்பு விளக்கு.
கலியபெருமாள் மூன்றுமுறை தேய்த்துப் பார்த்தார்,
வேட்டியில் துடைத்து ஒருமுறை.

பாஸ்வேர்டு வைப்போம் என்றான் ஜாபர்.
பிறந்தநாள் வேண்டாம், அவர்களிடம் இருக்கிறது.
பிள்ளை பேர் வேண்டாம், இன்சூரன்ஸ் பாரத்தில் இருக்கிறது.
ரத்த வகை, செருப்பளவு, மச்சம் எங்கே என்பதுவரை
மூன்று பிரதி எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்.
எங்களுக்கு மட்டும் தெரிந்தது என்று
என்னதான் மிச்சம்,
யோசிக்கும்போதே கூட்டம் அறுந்தது.

ரேஷன் கடை வரிசை.
சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றபடி
அஞ்சலாட்சி திரும்பாமல் சொன்னாள்:
"பி பதினேழு."

கார்த்திகை மாதம். இரவு ஷிப்ட். பி பதினேழு வால்வு.
தனவேலுவின் தம்பியை
ஈரச்சாக்கில் சுற்றித் தூக்கியவர்கள் நாங்கள்.
விசாரணை அறிக்கையில்
அப்படி ஒரு கசிவு நிகழவில்லை.
அந்த எண்ணில் வால்வே கிடையாது.

நடக்காததை யாரால் ஊகிக்க முடியும்?
முகக்கவசத்துக்குள்ளிருந்து
வட்டம் தாண்டி வட்டம் போனது அந்த எண்.
தனவேலுவிடம் மட்டும்
யார் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.
அவனே சொன்னான், போட்டுக்குங்க.

நேற்று நாற்பத்தாறு பேர்தான்.
பயந்தவர்கள் போக, டேட்டா தீர்ந்தவர்கள் போக.
கூட்டம் பாதியில்
வெளியே யாரோ தவறாகத் தட்டினார்கள்.
மறுபடி தவறு.
மூன்றாவது முறை உள்ளே வந்துவிட்டார்கள்.
கறுப்புக் கட்டம். இந்தமுறை புள்ளியும் இல்லை.

நோட்டைப் பார்த்தேன். திரையை எண்ணினேன்.
நோட்டை மறுபடி பார்த்தேன்.
கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
திரைக்குப் பக்கத்தில் வந்தார்.
மணி பார்த்துக்கொண்டார், முப்பத்தொன்பது.

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார்.
"அப்போ தெரிஞ்சிருக்கு."