மீன், தீன்

எஸ்பியர் துறைமுகத்தில்
குளிர்ப்பெட்டகங்களின் கணக்கைச் சரிபார்க்கப்
பதினொரு நாள்.
பெட்டியில் நான்கு சட்டை, ஒரு கோட்டு,
குறுக்கே ராக்கெட்.

"இறகுப்பந்தா? தெருவுக்குத் தெரு இருக்கிறதே"
என்றாள் விடுதி வரவேற்பில் இருந்தவள்.
"ஆனால் செப்டம்பரிலேயே
வருஷத்துக்கும் பதிந்துவிடுவார்கள்."
அவள் சித்திக்கு வியாழன் ஏழு மணி.
இருபத்திரண்டு வருஷமாய் அதே ஏழு மணி.

வேறு ஊர்களில் இப்படி இல்லை.
திபிலீசியில் கூரை ஒழுகிய கூடத்தில்
வாளியைச் சுற்றி ஆடியிருக்கிறேன்.
வாளியில் விழுந்தால் எதிராளிக்குப் புள்ளி.
இங்கே கதவுகள் எண்கேட்டுப் பூட்டியிருந்தன.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வெளிச்சம், கோடுகள், யாருடைய முறையோ.
நான்கு மணிக்கே இருட்டும் நவம்பரில்
ராக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு
அடகுக்கடை தேடுபவன் போல நடந்தேன்.

செவ்வாய் இரவு மழை படுத்துக்கொண்டு பெய்தது.
பள்ளிக்கூடச் சுவரோரம்
காலில் இடறி உருண்டது ஒரு பந்து.
பதினாறு இறகில் மூன்று முறிந்திருந்தது.
எடுத்துத் தடவினேன்.
நனையவில்லை.
இன்னும் நனையவில்லை!
சுற்றிப் பார்த்தேன்.
குப்பைத் தொட்டியின் மூடி ஆடிக்கொண்டிருந்தது.
பக்கத்துக் கதவு செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்திருந்தது.

உள்ளே மூன்று பேர்.
பியர்த்தெ, தாகெ, பள்ளியின் காவலாளி இங்கொல்ஃப்.
நான்காவது ஆள் வெர்னருக்கு
அன்று காலைதான் முழங்காலில் அறுவை.
பியர்த்தெ என் காலணியின் அடியைத் திருப்பிப் பார்த்தாள்.
சுத்தம்.
பெயரைக் கேட்கவில்லை.
வெர்னரின் இடத்தைக் கைகாட்டினாள்.

முதல் உயரப் பந்துக்கு
என் ஜோடி தாகெ கத்தினார்: "மீன்!"
நான் நின்றுவிட்டேன்.
கடலூர்தான், அதற்காகப் பந்தடிக்கிற இடத்தில் மீனா?
அடுத்தது பின்கோட்டுக்குப் போனது.
"தீன்!" என்றார் என்னைப் பார்த்து.
பசியாக இருக்கிறார் போல.
பந்து எனக்குப் பின்னால் விழுந்தது.
ஏழு புள்ளி போன பிறகு உறைத்தது:
மீன் என்றால் என்னுடையது.
தீன் என்றால் உன்னுடையது.
எழுபது வயதுக்காரர், குரலை உயர்த்தவில்லை.
ராக்கெட்டின் நுனியால் தரையில் தொட்டு
இது எனக்கு, அது உனக்கு என்று
பாகப்பிரிவினை செய்தார்.

அதன்பின் எழுந்தோம்.
பன்னிரண்டு. பதினைந்து.
வலைக்கு அருகே நான் கிள்ளிப் போட்ட பந்தை
இங்கொல்ஃப் எடுக்கவே குனியவில்லை;
தலையை மட்டும் ஆட்டினார்.
எல்லாருக்கும் ஒரே வியர்வை நாற்றம்.
என் சட்டையை என்னால் பிரித்தறிய முடியவில்லை.

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.
பியர்த்தெ உத்தரம் வரை தூக்கிய பந்து
உச்சியில் ஒரு கணம் யோசித்தபோது
ஒன்பது மணி ஆயிற்று.
பள்ளியின் விளக்குகள் தாமாக அணைந்தன.

"மீன்!" என்றார் தாகெ.
"மீன்!" என்று கேட்டது இன்னொரு குரல்.
அது நான்.
வலைக்கு அந்தப் பக்கமும்
யாரோ சொன்னார்கள்.
பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்.
விழுந்த சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை.

இங்கொல்ஃப் தடவித் தடவிப் போய்
விசையைத் தட்டினார்.
பெஞ்சுக்கு அடியில், திரைக்குப் பின்னால்,
கூடைப்பந்து வளையத்தில் தேடினோம்.
காணவில்லை.
பியர்த்தெ நோட்டில் இரண்டு எண்களும் எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.
வெர்னர் பெயரை அடித்துவிட்டு
அப்போதுதான் என் பெயரைக் கேட்டாள்.
எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
'ழ'வுக்கு என்ன போடுவது என்று
மூவரும் கூடிப் பேசினார்கள்.

சட்டைப்பையில் மூன்றிறகு முறிந்த பந்து.
மழை நின்றிருந்தது.
அடுத்த செவ்வாய் நான் ஊரில் இருக்க மாட்டேன் என்பதை
அவர்களிடம் சொன்னேனா என்று
பாதி வழியில் நினைவு வந்தது.