ஒன்றுக்கு ஐந்நூறு

நகர வடிவமைப்பு, முதுநிலை, மூன்றாம் பருவம்.
சைட்: திருப்பூர், ரயில் பாதைக்குத் தெற்கே
ஓடையின் இரு கரைகள்.

ஏழே முக்காலுக்கெல்லாம்
கிளிப்போர்டோடு பாலத்தில் நின்றேன்.
ஆளுக்கொரு கோடு,
நான்கு கோடு சேர்ந்தால் குறுக்கே ஒன்று.
ஊரை எண்ண இப்படித்தான்
கோயமுத்தூரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
வந்தது ஒரு டிவிஎஸ் ஐம்பது,
பின்சீட்டில் நூல் கோன் மூட்டை.
அப்புறம் ஒரு நாய்.
நாய்க்குக் கட்டம் இல்லை.

எட்டே காலுக்குத்தான் கீழே பார்த்தேன்.
கம்பெனிச் சுவரில்
நாலு கல் பெயர்ந்த ஓட்டை.
அதன் வாயிலிருந்து ஓடைக்குக் குறுக்கே
ஒற்றைச் சென்ட்ரிங் பலகை.
கையில் டிபன் பையும் கழுத்தில் அட்டையுமாய்
ஒருவர் இறங்கிய பிறகே அடுத்தவர் ஏறுகிறார்.
எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம்.
ஒடியா பேசிக்கொண்டு வந்த பையன்கள்
ஏறும்போது பேச்சை நிறுத்தி
இறங்கியதும் விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள்.
அரை மணியில்
நானூற்றுப் பன்னிரண்டு கோடுகள்.

"யாருங்க போட்டது இது?"
செக்கிங்குக்கு ஓடிய துளசிமணியக்கா
நிற்காமலே சொன்னார்:
"நான் வந்த நாள்லயிருந்து கெடக்குதுங்க.
தண்ணி வந்தா போயிரும்.
ஆராச்சும் இன்னொண்ணு போட்டுருவாங்க.
நீங்க கார்ப்பரேசனுங்களா?"
"இல்லீங்க, படிக்கிறேன்."
"இதையுங்களா?"

இரவு, ஆட்டோகேட்.
சாலைக்குச் சிவப்பு, மரத்துக்குப் பச்சை,
நீருக்கு நீலம்
(காலையில் ஓடை கத்தரிப்பூ நிறத்தில் போனது).
பலகைக்கு லேயர் கிடையாது.
எதிலும் சேராதது சுழி லேயரில் விழும்.
விழுந்தது.

மாதிரி செய்தோம், ஒன்றுக்கு ஐந்நூறில்.
ஃபர்ஹானா ஃபோம்போர்டு அறுத்தாள்,
நான் காய்ந்த நாணலில் மரம் நட்டேன்.
மூன்று மீட்டர் பலகை
அந்த அளவில் ஆறு மில்லிமீட்டர்.
விடிகாலை நாலு மணிக்கு
ஒரு தீக்குச்சியைச் சீவி
பசை வைக்காமல் ஓடைமேல் கிடத்தினேன்.
பசை தீர்ந்திருந்தது.
அங்கேயும் யாரும் ஒட்டவில்லை என்று
சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து வந்த நடுவர்
மாதிரியின்மேல் குனிந்தார்.
என் மூன்று மீட்டர் அகல நடைப்பாலத்தை,
அதன் நிழல் மரங்களை, இருக்கைகளைப் பார்த்தார்.
ஓடைமேல் ஏதோ தூசு.
ஃபூ என்று ஊதினார்.
வாயைத் திறந்தேன்.
"தேங்க்ஸ் சார்" என்று வந்தது.

பிறகு நிமிர்ந்து கேட்டார்:
"இங்கே பாலத்துக்குத் தேவை இருக்கிறதா?
யார் கடக்கிறார்கள்?"
கோடுகள் போட்ட தாளை நீட்டினேன்.
"ஒரு நாள் கணக்கு போதாதே."
அது சரிதான். அதுதான் உறுத்தியது.

எல்லோரும் சாப்பிடப் போனபின்
ஃபர்ஹானாவும் நானும் செல்போன் வெளிச்சத்தில்
ஸ்டூடியோத் தரையைத் துழாவினோம்.
சீவல்கள், கத்தி முனைகள், தலைமுடி.
ஆறு மில்லிமீட்டரில் எத்தனையோ கிடந்தன.
எது பலகை என்று தெரியவில்லை.

ஐப்பசியில் திரும்பப் போனேன்.
பலகை இல்லை.
முப்பதடி மேலே தள்ளி
உடைந்த மின்கம்பம் ஒன்று குறுக்கே கிடந்தது.
அதற்கு நேராகச் சுவரில் புது ஓட்டை.
என் வரைபடம், பாலம் இறங்கும் இடம்,
கிழக்கே போகும் நடைபாதை எல்லாம்
முப்பதடி தப்பு.

தேதி எழுதி முதல் கட்டத்தில் கோடு போடும்போது
துளசிமணியக்கா கண்டுகொண்டார்.
"ஏனுங்க, இன்னும் பாஸாகலீங்களா?"

எட்டு இருபத்தொன்பது.
அக்கரையில் ஒலிக்கும் மணி இதுவரைக்கும் கேட்டது.
ஒருமுறைகூட நான் கடந்ததில்லை.
கிளிப்போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வரிசையில் நின்றேன்.
முன்னால் போனவர் இறங்கட்டும் என்று பார்த்திருக்க
பின்னாலிருந்து யாரோ,
"போங்க, போங்க, நேரமாச்சு."
நடுவில் கம்பம் லேசாக உருண்டு கொடுத்தது.

அன்றைய தாளில்
ஓர் ஆள் குறையும்.