பதினைந்து மதிப்பெண் வினா

நாவலில் அவன் குளிர்பெட்டி விற்கிறான்.
சனிக்கிழமை காலையில் வாசலில் புல் வெட்டுகிறான்.
அந்தத் தெருவில் எல்லாரும்
அதே நேரத்தில், அதே உயரத்தில்.

'வெட்டின புல்ல மாட்டுக்குப் போடுவானா மேடம்?'
கடைசி பெஞ்சில் அஜின்.
இல்லை, குப்பையில்தான் என்றேன்.
'பெறவு என்னத்துக்கு வளக்கான்?'
வகுப்பு சிரித்தது.
அங்கதம் என்று பலகையில் எழுதினேன்.
எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

பார்வதிபுரம் பாலத்தடியில் இருபது நிமிடம் நின்று
ஒலிவ நகர் வந்து சேர்ந்தேன்.
எங்கள் சங்கத்தில் இருபத்தாறு வீடு.
இருபத்திரண்டுக்கு சாம்பல் பெயின்ட்.
முதலில் அடித்தவர் மின்வாரியப் பொறியாளர் ஆல்பன் ராஜமணி.
சாம்பல்தான் இப்ப எல்லா இடத்துலயும் ஓடுது என்றார்.
ஓடி வந்து எங்கள் வீட்டிலும் நின்றது.

பலாவை முதலில் வெட்டியதும் அவர்தான்.
சருகு விழுது, ஈ வருது,
பழம் விழுந்தா காரு போச்சு.
வெட்டிய இடத்தில் இன்டர்லாக்.
இன்டர்லாக் ஓரத்தில்,
திருவனந்தபுரத்திலிருந்து பாய்போலச் சுருட்டிவந்த
பிளாஸ்டிக் புல்.
வருசத்துக்கு இரண்டு மழைக்காலம்,
கழற்றிப் போட்ட செருப்பிலும் பாசி பிடிக்கிற ஊர்.
அங்கே புல்
சதுர அடி அறுபத்தைந்து ரூபாய்.

புதுப்பித்த வீட்டை ஜெபித்து வைக்க போதகர் வந்தார்.
மேய்ச்சலையும் பசுமையையும் சேர்த்தே ஜெபித்தார்.
கண்மூடாமல் எல்லாரும் கீழே பார்த்தோம்.
ஆமெனுக்கு முன்னால்
என் வீட்டுக்காரர் காதில் கேட்டார்:
'நமக்கு எண்பது அடி போதும்லா?'

மிச்சம் நாலு வீடு.
இரண்டு பூட்டிக் கிடக்கிறது, ஆள் மஸ்கட்டில்.
ஒன்று அண்ணன் தம்பி வழக்கில்.
நாலாவது, பதினேழாம் எண், சுசீலம்.
கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவர்.
வேலிக்குச் செம்பருத்தி,
கேட்டுக்கு எப்போதோ அடித்த நீலம்.
சங்கம் கடிதம் போடத் தீர்மானித்தது.
இங்கிலீஷில் இருந்தால் எடுபடும் என்றார்கள்.
இங்கிலீஷ் என்றால் நான்.
ஒரே மாதிரி இருங்கள் என்பதற்கு
மூன்று சொல் யோசித்து
மிருதுவானதைப் போட்டேன்.
மறுநாள் கடிதம் திரும்பி வந்தது.
நான் விட்டிருந்த ஓர் எஸ்ஸை
சிவப்பு மையில் சேர்த்திருந்தார்.
வேறு பதில் இல்லை.

பருவத் தேர்வில் பதினைந்து மதிப்பெண் வினா:
நாயகன் தன் தெருவைப் போலவே ஆகிப்போவதை விவாதிக்க.
நாற்பத்தொரு விடைத்தாள்.
நாற்பதும் ஒரே வாக்கியத்தில் தொடங்கின.
வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் விற்கும் கைடு.
கைடின் எழுத்துப்பிழைகூட
நாற்பது கையெழுத்தில் அப்படியே இருந்தது.
பதினொன்று, பதினொன்று, பதினொன்றரை,
போட்டுக்கொண்டே போனேன்.

அஜின் மட்டும் வேறு எழுதியிருந்தான்.
ஆங்கிலம் நொண்டியது.
எங்கள் பக்கத்து வீட்டு மாமா பசுவை விற்றார்,
பாக்கெட் பால் வாங்கக் கடைக்குப் போகணும்,
அதற்கு ஒரு வண்டி வாங்கினார்,
வண்டியைத் தொழுவத்தில் நிறுத்துகிறார்,
அவருக்கு அமெரிக்கா தெரியாது.
இவ்வளவுதான் விடை.
வாய்விட்டுச் சிரித்தேன். அடுக்களையிலிருந்து
என்ன என்று கேட்டார்கள்.
பிறகு ஓரத்தில் எழுதினேன்:
வினாவுக்குத் தொடர்பில்லை.
நாலு.

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தது.
சனிக்கிழமை வெளுத்தபோது
எண்பது சதுர அடியிலும்
கண்ணறை கண்ணறையாக நிஜப் பச்சை முளைத்திருந்தது.
கொஞ்சம் கோரை, கொஞ்சம் கீழாநெல்லி.
'ஆல்பன் சார் காலையிலேயே பிடுங்கியாச்சு' என்றார் இவர்.
எட்டிப் பார்த்தேன்.
இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை
சாம்பல் வீட்டு வாசல்களில்
முதுகு முதுகாகக் குனிந்திருந்தார்கள்.
நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு
நானும் குனிந்தேன்.

கை நிறைந்ததும்தான் தோன்றியது.
எங்கே போட?
மாடு எதுவும் இல்லை இந்தத் தெருவில்.
பதினேழின் வேலிக்கு மேலே ஒரு குடை நின்றது.
'டீச்சரே, அந்தக் கீழாநெல்லி
வேண்டாம்னா இஞ்ச தாங்க.'