ஒருநாள் விட்டு ஒருநாள்

போர்வெல் தண்ணீரில் நீலம் நிற்காது.
சொட்டியதும் ஓரம் சுருண்டு
மணல் மணலாய் அடியில் போய் உட்காரும்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு
இரண்டு மாதமும் நாற்பது தாள்களும் பிடித்தன.

அதனால் குழாயில் காவிரி வருகிற நாள்தான்
என் நாள்.
மர்ஃபி டவுன் சந்தில் காலை நாலரைக்கு
முதலில் காற்று இருமும்,
பிறகு தண்ணீர்.
எல்லாரும் குடத்தோடு ஓட
நான் பேக்கரித் தட்டோடு போவேன்.
"ஏனக்கா, கேக்கா?" என்பாள் மாடிவீட்டுப் புட்டலட்சுமி.
கேக்தான் என்பேன்.

கடற்பாசிப் பொடியைக் கரைத்து
ஓர் இரவு விட்டால் கஞ்சிப் பதம்.
அவசரப்பட்டால் குமிழி;
ஒரு குமிழிக்குத் தாளில் ஒரு வெள்ளைப் பொட்டு.
தாளுக்குப் படிகாரம் தடவ வேண்டும்.
கடை வாசலில் கண்ணேறு கழிய
கறுப்புக் கயிற்றில் தொங்குமே, அதே கல்.
தடவாமல் விட்ட இடத்தில்
வாடகை பாக்கிக்காரன் போல
நிறம் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடும்.

துடைப்ப ஈர்க்குகளை முடிந்து உதறினால்
மஞ்சள்.
நடுவே ஒரு சொட்டுச் சிவப்பு விழ
மஞ்சள் நகர்ந்து நிற்கிறது,
பஸ்ஸில் கர்ப்பிணிக்கு வழிவிடுகிற கூட்டம் மாதிரி.
தெர்மகோலில் குத்திய குண்டூசிகளால்
மெல்ல ஓர் இழுப்பு.
பிறகு தாளை ஒரு மூலையிலிருந்து
மூச்சடக்கிச் சாய்க்கிறேன்.
எடுக்கும்வரை எனக்கும் தெரியாது.

திங்கள் முதல் சனி வரை
டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன்.
அங்கே எல்லாம் கறுப்பு, எல்லாம் வட்டம்,
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.

ஞாயிறு சர்ச் தெரு.
நடைபாதையில் போர்வை விரித்தால்
இடப்பக்கம் முனவ்வர், மூன்று ஜோடி சாக்ஸ் நூறு.
"இதே டிசைன்ல இன்னும் எட்டு வேணும்,
ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு."
வராதுங்க.
"பிரிண்ட்டா?"
இல்லைங்க.
"அப்புறம் ஏன் ஒரே மாதிரி வராது?"
முனவ்வர் எட்டிப் பார்க்கிறான்:
"ஒரே மாதிரி வேணும்னா இங்க வாங்க, எட்டென்ன, எண்பது தர்றேன்."
அவர்கள் சாக்ஸ் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அன்று ஏழு மணிக்கு
ஆரஞ்சு டி-ஷர்ட்டில் ஒரு பையன்.
உணவுப் பை முதுகில், ஹெல்மெட் முழங்கையில்.
என் மயில்கழுத்தையும் கூழாங்கல்லையும் தாண்டி
அடுக்கின் அடியில் கை வைத்தான்.
"இது எவ்வளவு?"

அது விற்பதில்லை.
ஒவ்வொரு தாளுக்குப் பிறகும்
தட்டில் மிச்சமிருக்கும் நிறத்தை வழித்தெடுக்கிற
செய்தித்தாள் கீற்று.
காயவைத்து, பொட்டலம் கட்ட வைத்திருக்கிறேன்.

அவன் விளக்கடியில் பிடித்து வாசித்தான், எழுத்துக்கூட்டி:
"வினாடிக்கு... ஆயிரம்... கன அடி..."
எத்தனை ஆயிரம் என்பதன்மேல்
நீலம் ஏறிப் படுத்திருந்தது.
"பெட்ரோல் டேங்க்ல ஒரு கீறல்க்கா. கரெக்டா மூடும்."

சும்மா எடுத்துக்கோ என்றேன்.
மாட்டேன் என்றான்.
ஐம்பது ரூபாய் வந்ததென்று
முனவ்வரின் சாக்ஸ் மலைக்கு மேலாக
என் பெட்டி கன்னடத்தில் கூவியது.
அதற்குள் அவனுக்கு ஆர்டர் வந்துவிட்டது,
பெயர்கூடக் கேட்கவில்லை.
நல்ல தாள்கள் முப்பத்தொன்றையும்
திரும்பச் சுருட்டினேன்.
எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

புதன்கிழமை காவிரி வரவில்லை.
ஐந்து மணி, ஐந்தே கால்.
வெள்ளிக்கிழமை வருமாம், வராதாம்.
குழாய் இருமி இருமி ஓய்ந்தது.
காலிக் குடத்தோடு புட்டலட்சுமியும்
காலித் தட்டோடு நானும்
ஒரே படியில் உட்கார்ந்திருந்தோம்.
அவள் தட்டை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
மூலையில் காய்ந்திருந்த நீலத்தை
நகத்தால் சுரண்டினாள்,
எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.

"இது ஹோகல்வா?"

போகாது என்றேன்.
குரலில் பெருமை இருந்ததை
நானே அப்போதுதான் கேட்டேன்.